அத்தியாயம் 5: ரசீது புத்தகமும் நோயாளி வீடும்

காலடிப்பேட்டைக்கு மாற்றலாகி வரும் ஆயர் முதல் சில மாதங்களுக்குள் ஒரு பேச்சைக் கேட்பார். “உங்களுக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல இருக்கும் ஐயா, அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லல.” ஆபரேஷன் முடிந்து ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாளான அம்மா இதைச் சொல்வார். வேலை போன விஷயத்தை வெளியே சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் வரும் ஒப்பந்தத் தொழிலாளியும் இதையே சொல்வார். குறையாக அல்ல, மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஓர் ஆயருக்கு இதைவிடக் கனமான புகார் வேறு இல்லை. ஆயரை ஓர் அலுவலகமாகப் பார்க்கச் சபை பழகிவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

இந்தப் பேச்சைக் கேட்டதும் அலுவலக வேலையை வெறுக்கத் தொடங்குவது இயல்பு. நான் படித்துக் கொண்டு வந்தது வேதத்தை, இங்கே செய்வது குமாஸ்தா வேலை என்று மனம் கசக்கும். பாஸ்டரேட் கமிட்டி மினிட்ஸ், சந்தா பாக்கிப் பட்டியல், ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகள், ஒழுகும் கூரை, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, ஆடிட்டர் கேட்கும் வவுச்சர் என்று வேலைக்கு முடிவே கிடையாது. தனிச் சபை நடத்தும் போதகரின் பாடு இன்னும் கடினம். வாடகை ஒப்பந்தம், டிரஸ்ட் பத்திரம், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ள அவருக்குக் கமிட்டிகூட இருக்காது.

இது நேற்று முளைத்த சிக்கலும் அல்ல. ரோம் நகரின் நிர்வாகத் தலைமைப் பதவியில் இருந்து, பின் துறவியாகி, 590-இல் போப் ஆனவர் மகா கிரகோரி. மேய்ப்பர்களுக்கென்று அவர் எழுதிய நூலில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். வெளிவேலையில் மூழ்கி ஆத்துமப் பராமரிப்பைக் கைவிடுகிறவரை அவர் கண்டிக்கிறார். ஆவிக்குரிய காரியங்களைக் காரணம் காட்டி மக்களின் அன்றாடத் தேவையைக் கவனியாமல் விடுகிறவரையும் அதே இடத்தில் கண்டிக்கிறார். முதல் கண்டிப்பு நமக்கு மனப்பாடம். இரண்டாவதை நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பாதி நாள் நிர்வாகம், பாதி நாள் மக்கள் என்று நேரத்தைப் பங்கு போடச் சொல்லும் ஆலோசனையை இந்த நூல் ஏற்கவில்லை. அப்படிப் பங்கு போட்டால் அலுவலகம் தன் பாதியை முழுசாக வாங்கிக்கொண்டு, மறுபாதியிலும் கை வைக்கும். காகிதத்துக்குக் கடைசி நாள் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்குக் கடைசி நாள் எதுவென்று யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது, நம் கையிலேயே இருக்க வேண்டிய காகிதம் எது, அந்தக் காகிதம் நம்மை எந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறது என்று பார்ப்பதே வழி.

ஊரின் நேரம்

முதலில் ஊரைப் படிக்க வேண்டும். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. இன்று தெற்கே ராயபுரமும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், வடக்கே எண்ணூர் வரை தொழிற்சாலைகளும் இருக்க, நடுவில் இருக்கிறது. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு என்று தாத்தா காலத்திலிருந்து ஒரே கம்பெனியில் வேலை பார்த்த குடும்பங்கள் சபையில் உண்டு. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், துறைமுகத்தில் சரக்குக் கையாள்கிறவர், மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் செவிலியர், ஏலத்துக்காக விடியுமுன் காசிமேட்டுக்குப் போகும் பெண்கள் ஆகியோரும் உண்டு. 2021-இல் மெட்ரோ ரயில் வந்த பிறகு நகரத்துக்குள் வேலைக்குப் போகும் இளைஞர்கள் இன்னொரு கூட்டம்.

இப்படிப்பட்ட சபைக்கு “மாலை 5 முதல் 7 வரை வீடு சந்திப்பு” என்று வாராந்திர அறிக்கையில் போடுவதால் பயன் மிகக் குறைவு. மதிய ஷிப்ட்டில் இருப்பவர் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்பார். நைட் ஷிப்ட் போகிறவர் அப்போதுதான் தூங்கி எழுந்து கிளம்பத் தயாராவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை வைத்து, அதில் முகவரிக்குப் பக்கத்திலேயே “ஷிப்ட்” என்று ஒரு கட்டம் போடுங்கள். ஷிப்ட் வாராவாரம் மாறும் வீடாக இருந்தால் அதையும் குறியுங்கள். இந்த ஒரு கட்டத்தால் மூடிய கதவுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். நைட் ஷிப்ட் ஆட்களைப் பார்க்க நல்ல நேரம் காலை 11 மணி அல்ல, அது அவர்களுக்கு நடுராத்திரி. ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடும் அந்த அரைமணி நேரத்தில் ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டு வந்தால் போதும். நீண்ட சந்திப்பு அவருக்குத் தண்டனை.

மீனவக் குடும்பங்களுக்கு ஆண்டுக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய காலமும் அதுவே. வீட்டில் சண்டையும் குடியும் கூடும். ஆயர் காசிமேட்டுப் பக்கம் அதிகமாகப் போக வேண்டிய காலம் இது. சந்தா பாக்கி வசூலுக்குக் கமிட்டி ஆட்களை அனுப்பக் கூடாத காலமும் இதுவே. இதைக் கமிட்டியில் தீர்மானமாகவே எழுதி வைத்துவிட்டால் பொருளாளர் மாறினாலும் வழக்கம் மாறாது.

சந்திப்புக்கென்று வாரத்தில் இரண்டு நாள் நிலையாக ஒதுக்குவது பழைய முறை, இன்றும் நல்ல முறை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டர் ஊரில் போதகராக இருந்த ரிச்சர்டு பாக்ஸ்டர் திங்களும் செவ்வாயும் இதற்கென்றே வைத்திருந்தார். அதுவும் நெசவாளர் ஊர்தான். அவரும் துணைப் போதகரும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 800 குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசினார்கள். நம் ஊருக்குத் திங்களும் செவ்வாயும் சரிப்படுமா என்பதை ஷிப்ட் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்த நாளாக இருந்தாலும், அந்த நாளில் ஆயர் அலுவலகத்தில் கிடைக்க மாட்டார் என்பது சபை முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கையை விட்டு விட வேண்டியவை

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குத் தினசரிப் பங்கீட்டில் குறை வந்தது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், அப்போஸ்தலர் ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருந்தார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்த கதை என்று இதை எளிதாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ஏழு பெயர்களைப் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய வீட்டு விதவை பட்டினி கிடந்தாரோ, அந்தப் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பந்தியை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். நம் சபைகளில் நிர்வாகத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது? ஏற்கெனவே செல்வாக்குள்ள நான்கு குடும்பங்களுக்குள் பதவி சுற்றி வருகிறது. உதவிக் குழுவில் வாடகை வீட்டில் இருப்பவர் ஒருவர், கடலுக்குப் போகும் குடும்பத்தில் ஒருவர், கணவரை இழந்தவர் ஒருவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆயர் எத்தனை வீட்டுக்குப் போனாலும் குறை ஓயாது.

தமிழ் மண்ணில் இதை நன்றாகச் செய்து காட்டியவர் சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்து, 1798-இல் தஞ்சையில் மரித்தார். அவர் தலையில் ஏறிய வெளிவேலை நம்மில் யாருக்கும் வராது. 1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேண்டுகோளுக்கு இணங்கி ஹைதர் அலியிடம் தூது போனார். போர்க்காலப் பஞ்சத்தில் முன்கூட்டியே நெல் வாங்கி வைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். தஞ்சை இளவரசனான சிறுவன் சரபோஜிக்குக் காப்பாளராகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் சபை சிதறாமல் இருந்ததற்கு அவருடைய ஒரு வழக்கம் காரணம். காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபித்து, யார் எந்தத் தெருவுக்கு, எந்தக் கிராமத்துக்குப் போவது என்று சொல்லி அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று சொல்வதை உட்கார்ந்து கேட்பார். அப்படி வளர்ந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைப் பகுதியில் ஊழியம் செய்தார். சுவார்ட்ஸ் பிறரிடம் கொடுத்தது சந்திப்பு. தன்னிடம் வைத்துக்கொண்டது அந்த மாலை நேரக் கேள்வி. நம்மில் பலர் கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

நடைமுறைக்கு வருவோம். கூரை வேலைக்குக் கொட்டேஷன் வாங்குவது, மின்கட்டணம், ஒலிபெருக்கி, திருவிழாப் பந்தல், அறுப்பின் பண்டிகைப் பொருள்களை ஏலம் விடுவது ஆகியவற்றில் ஆயர் இருக்கவே வேண்டாம். முடிவு தெரிந்தால் போதும். பணத்தைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காணிக்கை எண்ணும் மேசையில் ஆயர் உட்காரக் கூடாது. உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, திங்கள்கிழமை வங்கியில் கட்டட்டும். ஆயர் பையில் சபைப் பணம் ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது. பெரிய நன்கொடை ரொக்கமாக வந்தால் கவனம் தேவை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 முதல் வருமான வரிச் சட்டம். இதைப் பொருளாளர் அறிந்திருந்தால் போதாது, கொடுப்பவரிடம் சொல்லும் தைரியமும் அவருக்கு வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஏழைகள் நிதி. அவசரத்துக்குக் கொடுக்க ஆயரிடம் சிறு தொகை இருக்கலாம். ஆனால் வாங்கியவர் பெயர் கமிட்டி மேசையில் வாசிக்கப்படக் கூடாது. வவுச்சரில் எண்ணை மட்டும் போட்டு, பெயர் எழுதிய நோட்டு ஒன்றைத் தனியாக வைத்து, அதைத் தணிக்கையாளர் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய ஐயாயிரம் ரூபாய், அடுத்த வாரம் தண்ணீர் லாரி வரிசையில் பேச்சாகிவிட்டால் அந்தக் குடும்பம் கோவிலுக்கு வராது.

கையை விட்டு விடக் கூடாதவை

பதிவேடுகளை நான் இந்தப் பட்டியலில் வைக்கிறேன். இது பலருக்கு வியப்பாக இருக்கும்.

தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்த ஒருவர் திடீரென்று மாரடைப்பில் போய்விடுகிறார். மனைவி வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிறார். கணவர் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த நாமினேஷனில் மனைவி பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கிறது. ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். கோவில் திருமணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர். மூன்றும் ஒரே பெண். ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அவர்கள் மூன்று பேர். திருமணச் சான்று கொண்டு வாருங்கள் என்கிறார். அந்த அம்மா துக்கம் ஆறுமுன் கோவில் அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கிறார். அங்கே “ஆயர் இல்ல, அடுத்த வாரம் வாங்க” என்ற பதில் கிடைத்தால் அவர் அடுத்த வாரமும் வருவார், அதற்கு அடுத்த வாரமும் வருவார். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான். தொகை சிறியது என்று நமக்குத் தோன்றலாம். அவர் வீட்டில் அதற்குக் கேஸ் சிலிண்டர் வரும்.

இந்த இடத்தில் ஆயர் செய்யக் கூடியது என்ன என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டமே சொல்கிறது. பதிவேட்டில் பிழை தெரியவந்தால், தெரிந்த ஒரு மாதத்துக்குள், மூலப் பதிவை அடிக்காமல், அழிக்காமல், திருத்தாமல், ஓரத்தில் சரியான விவரத்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். மணமக்கள் முன்னிலையில் இதைச் செய்ய வேண்டும். அவர்கள் இல்லையென்றாலோ இறந்துவிட்டாலோ, நம்பத் தகுந்த வேறு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் செய்ய வேண்டும். சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சான்று ஏற்கெனவே பதிவாளருக்கு அனுப்பப்பட்டிருந்தால், திருத்தத்தைக் காட்டும் தனிச் சான்று ஒன்றையும் அனுப்ப வேண்டும். வெள்ளை மை தடவி மேலே எழுதிய பதிவேடுகளைப் பல ஆலயங்களில் காணலாம். அந்த வெள்ளைப் பூச்சு நல்ல எண்ணத்தில் பூசப்பட்டதுதான். ஆனால் எந்த அலுவலகத்திலும் அது செல்லாது, சந்தேகத்தைத்தான் கூட்டும். எழுத்துப் பிழையை இப்படித் திருத்தலாம். ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர் வழங்குவது பிழையல்ல, அதற்குப் பதிவேட்டைத் தொடவே கூடாது. உள்ளது உள்ளபடி சான்று நகல் கொடுத்து, இருவரும் ஒருவரே என்று வட்டாட்சியர் அலுவலகத்திலோ நோட்டரியிடமோ பெற வேண்டியதற்கு வழி சொல்லி, சபையில் அந்த வேலை தெரிந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரைக் கூட அனுப்புங்கள். அந்த நாளில் இதைவிட நல்ல ஆறுதல் வார்த்தை கிடையாது.

ஆகவே புதிதாகத் திருமணம் எழுதும்போதே ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். திருமணம் முடிந்த 90 நாளுக்குள் 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி அரசிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. பெரும்பாலான ஜோடிகள் இதை மறந்துவிடுகிறார்கள். எழுபதாவது நாள் ஆயர் அந்த வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, “பதிவு பண்ணியாச்சா?” என்று கேட்டால் அதுவே நல்ல சந்திப்பு. புது மருமகள் அந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் கவனமாக வைக்க வேண்டியது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே வயதுக்கான ஆதாரம். அதற்கு முன் பிறந்த, பிறப்பைப் பதியாமல் விட்ட முதியவர்களுக்குப் பல நேரம் கோவில் பதிவேடு ஒன்றே எழுத்தில் இருக்கும் சான்று. இன்னொரு பக்கம் சாதிச் சான்றிதழ். கிறித்தவத்துக்கு வந்த தலித் மக்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது என்பது 1950-ஆம் ஆண்டு ஆணையின் நிலை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கிடைத்தது நமக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த அநீதியைச் சுமக்கும் குடும்பங்கள் நம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஞானஸ்நானத்தைப் பதியாமல் கொடுங்கள் என்று கேட்கும் தகப்பனும் இருக்கிறார். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு சாதிச் சான்றிதழ் வழக்கில் ஞானஸ்நானப் பதிவு ஓர் ஆதாரமாகப் பார்க்கப்பட்டது. ஆயர் பொய்யாக எழுதக் கூடாது, எழுதாமலும் விடக் கூடாது. அந்தத் தகப்பனை நியாயம் தீர்க்கவும் கூடாது. அவரோடு உட்கார்ந்து என்ன வரும், என்ன போகும் என்று விளங்கப் பேசி, அவர் தீர்மானிக்கும்வரை காத்திருங்கள். அந்தப் பதிவேட்டு அலமாரியின் சாவி ஆயரிடம் இருக்கட்டும். பெயர் தேடுகிறோம் என்று வருகிறவர் யாரானாலும் அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள்.

அடக்கப் பதிவேடு எளியது, பலன் பெரியது. ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளும் சென்ற ஆண்டு அதே மாதத்தின் பக்கத்தைத் திறந்து, யார் வீட்டில் மரணம் நடந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாண்டு நினைவு நாளில் உறவினர் கூட்டம் இருக்காது, வீட்டில் சத்தம் இருக்காது. அன்று ஆயர் வந்தால் அதை அந்த வீடு மறக்காது. காசிமேடு கல்லறைக்குப் போக யாரும் துணையில்லாத முதியவர் இருந்தால் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவனை அனுப்புங்கள்.

மரணப் படுக்கை, அடக்க ஆராதனை, ஒருவர் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் வேளை ஆகிய மூன்றையும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை. மரணச் செய்தி வந்தால் சபை வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் போடுமுன் அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். வீட்டார் தங்கள் சொந்த அத்தைக்குத் தகவல் சொல்லுமுன் குழுவில் பூ படம் வந்து விழுவது பெரிய கொடுமை.

கமிட்டி

கூட்டத்தின் முதல் பொருளை மாற்றுங்கள். சென்ற கூட்டத்தின் மினிட்ஸ் வாசித்ததும் வரவு செலவுக்குப் போகாமல், நோயாளிகள், வேலை இழந்தவர்கள், மூன்று வாரமாக வராதவர்கள் என்ற பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போகப் போகிறவர் பெயரை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். சுவார்ட்ஸ் ஐயரின் மாலை நேரக் கேள்வி இதுதான். பணப் பேச்சை முதலில் வைத்தால் இரவு பத்து மணிவரை ஒலிபெருக்கி விலையைப் பேசிவிட்டு, நோயாளிகளுக்காக ஒரு வரி ஜெபத்தோடு கலைந்து போவோம்.

கூட்டம் சனிக்கிழமை இரவில் வேண்டாம். மறுநாள் பிரசங்கம் இருக்கிறது என்பதோடு, கமிட்டியில் நடந்த மனவருத்தத்தை முகத்தில் சுமந்துகொண்டு ஆயர் திருவிருந்து மேசைக்கு வரக் கூடாது.

தேர்தல் காலம் தனி. அணி சேர்ந்து வாக்குக் கேட்கும் மாதங்களில் ஆயர் யார் வீட்டுக்குப் போனாலும் அதற்கு ஓர் அர்த்தம் கட்டுவார்கள். அதற்காகச் சந்திப்பை நிறுத்தாதீர்கள். தெரு வரிசையில் ஒரு வீடும் விடாமல் போங்கள்.

மார்ச் மாதமும் டிசம்பர் மாதமும்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாம் அதை ஒட்டியே வருகின்றன. 2024-இல் ஈஸ்டர் பண்டிகையே மார்ச் 31 அன்று வந்தது. கணக்கு முடிக்கும் வேலையை மார்ச்சில் தொடங்கும் சபையில் ஆயர் பரிசுத்த வாரம் முழுவதும் வவுச்சர் தேடிக்கொண்டிருப்பார். பிப்ரவரி கடைசிக்குள் பதினொரு மாதக் கணக்கை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று பொருளாளரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மிச்சம் ஒரு மாதம்தான்.

டிசம்பர் இந்தக் கடற்கரைக்குச் சோதனை மாதம். 2004 சுனாமியும், 2015 வெள்ளமும் அதையொட்டித்தான் வந்தன. 2023-இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் பாழாகி, மீனவர் வேலை நின்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பண்டிகைக் களைப்பில் ஊழியர்கள் எல்லாரும் விழுந்து கிடக்கும் இரவு அது. அப்படிப்பட்ட நேரத்தில் நிர்வாகம் ஒழுங்காக இருப்பதே பராமரிப்பு. தெரு வாரியாகக் குடும்பப் பட்டியல் காகிதத்தில் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இருந்தால் மட்டும் போதாது. கரண்ட் இருக்காது. எழுந்து நடக்க முடியாதவர், ஆஸ்துமா உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் பெயர்கள் தனி மையில் இருக்கட்டும். ஆலயத்தின் சாவி ஆயரிடம் ஒன்று, ஆலயத்துக்கு மிக அருகில் வசிக்கும் ஒருவரிடம் ஒன்று. கதவைத் திறக்கத் தீர்மானம் தேவையில்லை என்பதையும், யார் வந்தாலும், எந்த மதத்தார் வந்தாலும் திறக்க வேண்டும் என்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே கமிட்டி எழுதி வைக்கட்டும்.

ஆயரம்மா

இந்த அத்தியாயத்தில் இன்னொருவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆயர் வீடு சந்திப்புக்குப் போன நேரத்தில் வாசலில் வருகிறவருக்குப் பதில் சொல்வது, ரசீது கிழித்துக் கொடுப்பது, போன் எடுப்பது, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவருக்குக் கேட் திறப்பது எல்லாம் அவர் மனைவியின் தலையில் விழுகிறது. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைமையும் அவரே. இவருக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. பலர் வெளியே வேலைக்கும் போகிறார்கள். ஆயர் மக்களிடம் போக நேரம் கிடைத்தது என்றால், அந்த நேரம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் அலுவலகத்தில் உட்கார ஒருவரைச் சிறு ஊதியத்துக்கு வையுங்கள். சபையிலேயே கணக்குத் தெரிந்த, வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்கள் இருக்கிறார்கள். ஆலயத்தின் வெள்ளை அடிப்பை ஓராண்டு தள்ளிப்போட்டால் அந்தச் செலவைச் சமாளிக்கலாம்.

இதைப் படிக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயர் ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு, கட்டடம், பந்தல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும்வரை அவர் அவற்றுக்கே தயாராகி வருவார். அடுத்த கூட்டத்தில், பொருளாளர் பேசத் தொடங்குமுன், இந்த மாதம் யார் யாரைப் பார்த்தீர்கள், நாங்கள் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் பெயர்களைச் சொல்லி முடிக்கும்வரை ரசீது புத்தகத்தைத் திறக்காதீர்கள்.